பந்தாட்டம் கற்பித்த பள்ளிக்கூட வாத்தியார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓசூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆறு நாளும் லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று செய்து குவித்த கைகளுக்கு அன்று ஓய்வு. ஆனால் கால்களுக்கு ஓய்வு இல்லை! காலி மனை எங்கே கிடைத்தாலும் நான்கு செங்கல்லை நட்டு 'கோல்' அமைத்து, வாலிபர்கள் பந்து உதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒருவன் தமிழில் பந்து கேட்பான். இன்னொருவன் தெலுங்கில் அதட்டுவான். மூன்றாமவன் கன்னடத்தில் பதில் சொல்வான். கோல் காப்பவன் உருதுவில் சத்தம் போடுவான். எல்லைப்புறத்து ஊர் அல்லவா? நான்கு பாஷையும் அங்கே சொந்த பாஷைதான். பந்துக்கு மட்டும் பாஷை கிடையாது.

இப்படி நான்கைந்து பாஷை பேசும் பையன்களை ஒன்றாகச் சேர்த்து, ஒரு போலீஸ் அணியை இந்தியாவின் தலைசிறந்த அணியாக ஆக்கினார் ஒருவர். பிறகு இந்திய அணியையே ஆசியாவின் முதல் அணியாக இரண்டு முறை ஆக்கினார். அவர் கோடீசுவரர் அல்ல. ராணுவத் தளபதியும் அல்ல. சாதாரணப் பள்ளிக்கூட வாத்தியார்!

அவர்தான் ஜனாப் சையது அப்துல் ரகீம். அவர் மறைந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கால்பந்து ரசிகர்கள் அவரை இன்றும் 'ரகீம் சாகிப்' என்றுதான் சொல்கிறார்கள். பெயரை மட்டும் தனியாகச் சொல்ல யாருக்கும் நா எழுவதில்லை.

எல்லைக்கு அப்பால்

ரகீம் சாகிபின் கதைக்குப் போகும் முன், நம் பக்கத்து ஊரைப் பற்றி ஒரு வார்த்தை.

ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். பெங்களூரோ அந்தக் காலத்தில் கால்பந்தின் தாய்வீடுகளில் ஒன்று. தண்டு என்று சொல்லப்பட்ட ராணுவப் பகுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பந்தாடினார்கள். அதை வேலி ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்த நம் பிள்ளைகள், செருப்புக் கூட இல்லாத காலோடு அதே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

கற்றுக்கொண்டவர்கள் குருவையே மிஞ்சினார்கள். பம்பாயில் 1891-ல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையைப் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பட்டாளங்களே தூக்கிச் சென்றன. 1937-ல் அந்தக் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி எது தெரியுமா? 'பெங்களூர் முஸ்லிம்ஸ்' அணி! மறு ஆண்டும் அவர்களே வென்றார்கள்.

பந்தை வைத்து வித்தை காட்டிய அகமது கான் அந்த பெங்களூர் மண்ணில் பிறந்தவர்தான். தமிழ்ப் பெயர் கொண்ட சண்முகமும் அதே ஊர்க்காரர். இருவரும் பின்னால் ரகீம் சாகிபின் கீழ் இந்தியாவுக்காக ஆடினார்கள். ஆகவே இந்தக் கதை ஐதராபாத்தில் நடந்தாலும், அதன் கிளைகள் நம் வாசல் வரை வந்திருக்கின்றன.

வாத்தியார் மைதானத்துக்கு வந்தார்

ரகீம் 1909-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி ஐதராபாத்தில் பிறந்தார். அப்போது அது நிஜாமின் ராஜ்யம்.

உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். படிக்கும்போதே பல்கலைக்கழக அணியில் நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தார். படிப்பு முடிந்ததும் பள்ளிக்கூட ஆசிரியர் ஆனார். காச்சிகூடா, சாதர்காட் என்று நகரத்துப் பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

ஆனால் அவருக்கு வகுப்பறை போதவில்லை. உடற்பயிற்சிக் கல்வியில் தனியாக டிப்ளமா படித்தார். அதன் பிறகு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுப் பொறுப்பு அவரிடம் வந்தது. கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவது போல, மைதானத்தில் பந்தாட்டத்தையும் படிப்படியாகக் கற்பிக்க முடியும் என்று அவர் நம்பினார். அந்தக் காலத்தில் இது புது எண்ணம். பந்தாட்டம் பிறவியில் வருவது, சொல்லிக் கொடுத்து வராது என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள்.

1943-ல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும் வரை அந்தப் பொறுப்பை அவர் விடவில்லை.

நொண்டிக் காலுக்கும் ஒரு பந்தயம்

செயலாளர் என்றால் மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ரகீம் சாகிப் செய்த முதல் வேலை, சின்னப் பையன்களுக்கு விசித்திரமான பந்தயங்கள் நடத்தியது.

ஒரு பந்தயத்தில் பலமில்லாத காலால்தான் உதைக்கவேண்டும். வலது கால் பழக்கம் உள்ளவன் இடது காலைத்தான் பயன்படுத்தலாம். நம் பையன்களில் பலருக்கு ஒரு கால் தங்கம், மறு கால் தகரம். இந்தப் பந்தயம் தகரத்தையும் தங்கமாக்கியது.

இன்னொரு பந்தயத்தில் பந்தை உருட்டிக்கொண்டே எதிரிகளை ஏமாற்றிப் போகக் கூடாது. வந்த பந்தை உடனே அடுத்தவனுக்குத் தள்ளிவிட வேண்டும். தனியாக நாலு பேரை ஏமாற்றிக் கைதட்டல் வாங்க ஆசைப்படும் பையனுக்கு இது பெரிய தண்டனை! ஆனால் சில மாதம் போன பிறகு அவனுக்கே ஓர் உண்மை விளங்கும். மனிதனை விடப் பந்து வேகமாக ஓடும்.

ரகீம் சாகிபின் தத்துவமே இதுதான். நம் ஆட்கள் ஐரோப்பியர்களைப் போல உயரமும் பருமனும் கொண்டவர்கள் அல்ல. ஆகாயத்தில் பந்தை அடித்துவிட்டு முட்டி மோதினால் தோற்றுப்போவோம். பந்து தரையோடு போகட்டும். குட்டையாகப் போகட்டும். சீக்கிரமாகப் போகட்டும். உடல் பலத்தின் குறையை மூளை பலத்தால் ஈடுகட்டலாம்.

ஐந்து ஆண்டு, ஐந்து கோப்பை

1950-ல் ஐதராபாத் நகரப் போலீஸ் அணியின் பயிற்சி ரகீம் சாகிபின் கைக்கு வந்தது.

அந்த அணிக்கு அதற்கு முன்பே நல்ல பெயர் உண்டு. இரண்டாவது உலகப் போர்க் காலத்தில் நம் பெங்களூருக்கே வந்து, ஆஷ் தங்கக் கோப்பைப் பந்தயத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அணியை வென்று காட்டியவர்கள் அவர்கள். அப்போதே தென்னாட்டு ரசிகர்கள் அவர்களைக் கவனித்துவிட்டார்கள்.

ஆனால் 1950-ல் தொடங்கியது வேறு கதை. அந்த ஆண்டு ரோவர்ஸ் கோப்பையை ஐதராபாத் போலீஸ் வென்றது. 1951-லும் வென்றது. 1952, 1953, 1954. அடுத்தடுத்து ஐந்து ஆண்டு! பம்பாய் கூப்பரேஜ் மைதானத்து ரசிகர்கள், இறுதி ஆட்டத்துக்கு வரும் எதிர் அணி எது என்று மட்டும்தான் கேட்கவேண்டியிருந்தது.

அப்போது டெல்லியில் நடந்த டூரண்டு கோப்பையிலும் அவர்கள் கொடி பறந்தது. 1950-ல் கல்கத்தாவின் மோகன் பகானை இறுதி ஆட்டத்தில் வீழ்த்தினார்கள். 1952-ல் ஈஸ்ட் பெங்காலிடம் இறுதியில் தோற்றார்கள்.

இந்த ஈஸ்ட் பெங்கால் அணியை நினைத்தால் எல்லைப்புற ரசிகனுக்குத் தர்மசங்கடம்தான். அதன் முன்வரிசை ஐவரைப் 'பஞ்ச பாண்டவர்கள்' என்று கல்கத்தாவே கொண்டாடியது. வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேருமே தென்னாட்டுக்காரர்கள்! அவர்களில் அகமது கான் பெங்களூர்ப் பிள்ளை. யார் ஜெயித்தாலும் சந்தோஷம், யார் தோற்றாலும் துக்கம்.

1954-ம் ஆண்டு டூரண்டு இறுதி ஆட்டம் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஐதராபாத் போலீசை எதிர்த்து அன்று களம் இறங்கியது பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை அணி! பகலில் விமானம் கட்டும் தொழிற்சாலையின் ஆட்கள், நாட்டின் மிகப் பழமையான கோப்பைக்கு இறுதி வரை வந்துவிட்டார்கள். கோப்பை போலீசுக்குத்தான் போயிற்று. ஆனால் ஒரு தொழிற்சாலை மனம் வைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அந்த ஆட்டம் காட்டியது. தொழிற்சாலைகளால் வாழும் ஓசூர் வட்டாரம் மறக்கக் கூடாத ஆட்டம் அது.

1956-ல் மறுபடியும் டூரண்டு இறுதி. மறுபடியும் ஈஸ்ட் பெங்காலிடம் தோல்வி. ஆனால் 1957-ல் அதே ஈஸ்ட் பெங்காலை அதே இறுதி ஆட்டத்தில் வென்று, ஐதராபாத் போலீஸ் பழைய கடனை வட்டியோடு தீர்த்தது. அதே ஆண்டு ரோவர்ஸ் கோப்பையும் அவர்களுக்கே. 1956, 1957 இரண்டு ஆண்டும் மாநிலங்களுக்கு இடையே நடக்கும் சந்தோஷ் கோப்பையும் ஐதராபாத்துக்கே போயிற்று.

சோறு போட்ட உத்தியோகம்

இவ்வளவு பெரிய அணி, ஏன் போலீஸ் அணியாக இருந்தது?

அன்று பந்தாட்டக்காரனுக்குச் சம்பளம் கிடையாது. கைதட்டல் உண்டு, மாலை உண்டு, வீட்டில் அடுப்பு எரிய வழி கிடையாது. ஆகவே உத்தியோகம் கொடுக்கும் இடத்துக்கு ஆட்டக்காரன் போனான். போலீசில் கான்ஸ்டபிள் வேலை, ராணுவத்தில் சிப்பாய் வேலை, தொழிற்சாலையில் பிட்டர் வேலை. காலையில் பயிற்சி, பகலில் வேலை, மாலையில் பயிற்சி. மாதம் பிறந்தால் நிச்சயமான சம்பளம்.

அஜீசுதீன், நூர் முகமது, ஜமால், லாயிக், ஜுல்பிகார், யூசுப் கான் என்று அந்த அணியின் பெயர்களைச் சொல்லும்போது, ஐதராபாத்தின் பழைய ரசிகர்கள் கண்ணில் இன்றும் ஒளி வரும். எல்லோரும் எளிய வீட்டுப் பிள்ளைகள். காக்கிச் சட்டைதான் அவர்கள் வீட்டுக் கூரை.

அவர்களுக்கு நடுவே ரகீம் சாகிப் எப்படி இருந்தார்? கூச்சல் போடும் பயிற்சியாளராக அல்ல. வகுப்பறை வாத்தியாராகவே இருந்தார். கண்டிப்பு உண்டு, கருணையும் உண்டு.

பலராமின் கதை ஒன்று போதும். செகந்திராபாத் ராணுவ முகாமை ஒட்டிய அம்முகூடா என்ற சிற்றூரில், ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். அந்தப் பையனின் ஆட்டத்தைப் பார்த்த ரகீம் சாகிப், தேர்வுப் பயிற்சிக்கு வரும்படி கூப்பிட்டார். வருவதற்கு ஆசைதான். ஆனால் தினமும் நகரத்துக்கு வந்து போகக் கையில் காசு இல்லை. விஷயம் தெரிந்ததும் ரகீம் சாகிப் உபதேசம் செய்யவில்லை. சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தார்!

அந்தச் சைக்கிள் பலராமை அம்முகூடாவிலிருந்து ஐதராபாத்துக்கு மட்டுமா கொண்டு சேர்த்தது? மெல்போர்னுக்கும் ரோமுக்கும் ஜகார்த்தாவுக்கும் கொண்டு சேர்த்தது.

வெற்றியும் வேதனையும்

1951-ல் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி டெல்லியில் நடந்தது. இந்திய அணிக்கு ரகீம் சாகிப் பயிற்சியாளர். இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் மூன்று மூன்று கோல் போட்டு வென்றது இந்தியா. இறுதி ஆட்டத்தில் ஈரான். பிரதமர் நேரு பார்த்துக்கொண்டிருக்க, மேவாலால் போட்ட ஒரே கோலில் தங்கப் பதக்கம் நமக்குக் கிடைத்தது. சுதந்திரம் பெற்று நாலு வருஷம் கூட நிறையாத நாடு அது. அந்த ஒரு கோல் எவ்வளவு பெரிய ஆனந்தம் என்பதை இன்றைக்கு அளந்து சொல்ல முடியாது.

ஆனால் அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டி. முதல் ஆட்டமே யூகோஸ்லாவியாவுடன். நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு இறங்கினார்கள். பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோல்வி! அந்த ஒரு கோலையும் போட்டவர் பெங்களூர் அகமது கான்தான்.

வேறு ஒருவராக இருந்தால் வெட்கத்தால் ஒதுங்கியிருப்பார். அல்லது அதிர்ஷ்டத்தின் மீது பழி போட்டிருப்பார். ரகீம் சாகிப் அதைப் பரீட்சையில் தோற்ற மாணவனின் விடைத்தாளாக எடுத்துக்கொண்டார். எங்கே தவறு என்று பார்த்தார். அந்தத் தோல்விக்குப் பிறகு இந்திய ஆட்டக்காரர்கள் பூட்ஸ் போட்டுத்தான் ஆடவேண்டும் என்று விதி வந்தது. வெறுங்கால் வீரம் பழங்கதை ஆயிற்று. ஐரோப்பாவில் ஹங்கேரி அணி ஆடிய புது முறைகளையும் ரகீம் சாகிப் கூர்ந்து கவனித்தார். முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவரைச் சற்றுப் பின்னால் நிறுத்தி எதிரியைக் குழப்பும் வித்தையை நம் ஆட்களுக்கும் கற்றுக்கொடுத்தார்.

பலன் நாலு வருஷத்தில் கிடைத்தது. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக். ஹங்கேரி வராததால் முதல் சுற்று ஆடாமலே வெற்றி. அடுத்து ஆஸ்திரேலியா, அதுவும் அவர்கள் சொந்த மண்ணில். நெவில் டிசூசா என்ற பம்பாய் வாலிபர் மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் ஆட்டம் ஒன்றில் மூன்று கோல் போட்ட முதல் ஆசியர் அவர்தான். நாலுக்கு இரண்டு என்று இந்தியா வென்றது.

அரை இறுதியில் எதிரே வந்தது யார்? அதே யூகோஸ்லாவியா! இடைவேளைக்குப் பிறகு முதல் கோலை இந்தியாதான் போட்டது. ஹெல்சிங்கியில் பத்துக் கோல் வாங்கியவர்கள், மெல்போர்னில் அதே எதிரியைத் திகைக்கவைத்தார்கள். கடைசியில் நாலுக்கு ஒன்று என்று தோற்றாலும், பல்கேரியாவிடம் வெண்கலப் பதக்கத்தை இழந்தாலும், ஒலிம்பிக்கில் நான்காவது இடம் என்பது சின்ன விஷயமா? இந்தியக் கால்பந்து அதற்கு மேலே இன்று வரை போனதில்லை. அந்த அணியில் பெங்களூர் கெம்பையாவும் இருந்தார், அம்முகூடா பலராமும் இருந்தார்.

தகப்பனும் மகனும்

1960-ல் ரோம் ஒலிம்பிக். ஹங்கேரியிடம் இரண்டுக்கு ஒன்று என்று மயிரிழையில் தோல்வி. பிரான்சோடு ஒன்றுக்கு ஒன்று என்று சமம். பெருவிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோல்வி. அடுத்த சுற்றுக்குப் போக முடியாவிட்டாலும், தலைகுனிய வேண்டிய ஆட்டம் ஒன்று கூட இல்லை.

அந்த அணியில் ஹக்கீம் என்று ஓர் இளைஞர் இருந்தார். ரகீம் சாகிபின் சொந்த மகன்! தகப்பனாரே பயிற்சியாளர். ரோமாபுரி வரை வந்தாயிற்று. ஒரு ஆட்டத்திலாவது மகனை இறக்கிப் பார்க்கலாம் என்று எந்தத் தகப்பனுக்கும் மனதில் தோன்றும். ரகீம் சாகிப் இறக்கவில்லை. மூன்று ஆட்டத்திலும் ஹக்கீம் வெளியேதான் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் பாசம் வேறு, மைதானத்தில் நியாயம் வேறு. இந்த ஒரு செய்தியிலேயே அந்த மனிதரின் உயரம் தெரிகிறது அல்லவா? ஹக்கீம் பிற்காலத்தில் சர்வதேச நடுவராகப் பெயர் பெற்றார். 2021-ல் அவரும் மறைந்தார்.

ஜகார்த்தாவில் கடைசிப் பாடம்

1962-ம் ஆண்டு வந்தது. ரகீம் சாகிபின் நுரையீரலில் புற்றுநோய். உடம்பு உருகிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அணியை ஜகார்த்தாவுக்கு அழைத்துச் சென்றார்.

அந்த அணியைப் பாருங்கள். வங்காளத்தின் சுனி கோஸ்வாமி தலைவர். பி.கே.பானர்ஜி, அருண் கோஷ், பஞ்சாபின் ஜர்னைல் சிங், பம்பாயின் பிராங்கோ, ஐதராபாத்தின் யூசுப் கான். தமிழர்களுக்கும் குறைவில்லை. கோல் காக்கத் தங்கராஜ், முன்வரிசையில் பலராம், இன்னும் அருமைநாயகம், எத்திராஜ். ஓசூர் மைதானத்தில் கேட்பதை விட அதிக பாஷைகள் அந்த அணியில் கேட்டன!

தங்கராஜைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஐதராபாத்தில் பிறந்து, வெலிங்டன் மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து வளர்ந்தவர். நெடிய உருவம். முதலில் கோல் போடும் ஆட்டக்காரராக இருந்து, பிறகு கோல் காப்பவராக மாறியவர். அவருடைய வெலிங்டன் அணி 1955-லும் 1958-லும் டூரண்டு கோப்பையை வென்றது.

ஜகார்த்தாவில் தொடக்கமே சரியில்லை. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இரண்டு கோல் வித்தியாசத்தில் தோல்வி. அடுத்து தாய்லாந்தை நாலுக்கு ஒன்று என்று வென்றபோது, ஜர்னைல் சிங்கின் தலையில் பலத்த அடி. தையல் போடவேண்டியதாயிற்று. அவர் தடுப்பு வரிசையின் இரும்புத் தூண். அவர் இல்லாமலே ஜப்பானை இரண்டு கோல் போட்டு வென்றது இந்தியா.

அரை இறுதியில் தென்வியட்நாம். அப்போதுதான் ரகீம் சாகிப் யாரும் எதிர்பாராத காரியம் ஒன்றைச் செய்தார். தலையில் கட்டோடு இருந்த ஜர்னைல் சிங்கைத் தடுப்பு வரிசையில் நிறுத்தாமல், முன்வரிசை நடுவே கொண்டுபோய் நிறுத்தினார்! ஜர்னைல் சிங் கோலும் போட்டார். மூன்றுக்கு இரண்டு என்று இந்தியா இறுதிக்கு வந்தது.

இதற்கிடையே வெளியில் புயல். இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு வரவிடாமல் இந்தோனேசியா தடுத்துவிட்டது. அது தவறு என்று இந்திய அதிகாரி சோந்தி எதிர்ப்புத் தெரிவித்தார். ஜகார்த்தா மக்கள் கொதித்தார்கள். இந்தியத் தூதரகத்தைக் கூட்டம் தாக்கியது. நம் ஆட்டக்காரர்கள் பஸ்சில் போகும்போது தலை வெளியே தெரியாதபடி குனிந்துகொண்டு போகவேண்டிய நிலைமை.

1962 செப்டம்பர் 4-ந் தேதி இறுதி ஆட்டம். மைதானத்தில் சுமார் ஒரு லட்சம் பேர். ஏறக்குறைய எல்லோரும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். நம் தேசிய கீதத்தையும் கூச்சல் விட்டுவைக்கவில்லை. எதிரே நிற்பதோ, முதல் ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்த அதே தென்கொரியா. அந்தக் கூட்டத்தில் நமக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி ஆட்டக்காரர்கள் என்பது சரித்திரத்தின் விந்தை.

காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த தங்கராஜைக் கோலில் நிறுத்தினார் ரகீம் சாகிப். ஆட்டம் தொடங்கி 17-வது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி ஒரு கோல். 20-வது நிமிடத்தில் ஜர்னைல் சிங் ஒரு கோல்! கூச்சல் போட்ட மைதானம் அடங்கிப்போயிற்று. கொரியர்கள் முட்டி மோதினார்கள். கடைசிக் கட்டத்தில்தான் அவர்களால் ஒரு கோல் போட முடிந்தது. இரண்டுக்கு ஒன்று. தங்கம் இந்தியாவுக்கு!

ஒரே தொடரில் தோற்றவர்களைத் திரும்பச் சந்தித்து வென்ற ஆட்டம் அது. ஹெல்சிங்கிக்குப் பிறகு மெல்போர்ன் என்றால், இங்கே எட்டு ஒன்பது நாளைக்குள் அதே பாடம். எங்கே தவறினோம் என்று பார், திருத்திக்கொள், மறுபடி இறங்கு. வாத்தியார் வாழ்நாள் முழுதும் கற்பித்தது இதைத்தான்.

விளக்கு அணைந்தது

ஜகார்த்தாவிலிருந்து திரும்பி ஒன்பதே மாதம். 1963-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி ரகீம் சாகிப் காலமானார். அவருக்கு அப்போது வயது 53.

ஆந்திரப் போலீஸ் என்று பெயர் மாறியிருந்த அவருடைய அணி சில காலம் பழைய வேகத்திலேயே ஓடியது. சக்கரத்தைச் சுழற்றிய கை போன பிறகும் சக்கரம் சிறிது நேரம் சுழலும் அல்லவா? ஆனால் பிறகு வேகம் குறைந்தது. ஐதராபாத்தின் பெயர் கோப்பைகளிலிருந்து மெல்ல மறைந்தது.

இந்தியாவின் நிலைமையும் அதுதான். 1962-க்குப் பிறகு ஆசியப் போட்டியில் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிடைக்கவில்லை. 1970-ல் ஒரு வெண்கலம் கிடைத்தது. ரோமுக்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்து மைதானத்தில் இந்திய அணி கால் வைக்கவே இல்லை.

பயிற்சியாளர்களைக் கௌரவிக்கும் துரோணாச்சாரியார் விருது 1985-ல்தான் ஏற்பட்டது. உண்மையான துரோணர் அதற்கு 22 வருஷம் முன்பே போய்விட்டார். 2024-ல் 'மைதான்' என்ற இந்திப் படம் அவர் கதையைத் திரைக்குக் கொண்டு வந்தது. புது ரசிகர்கள் பலர் அப்போதுதான் அவர் பெயரையே கேள்விப்பட்டார்கள். நன்றி மறப்பதில் நாம் மெல்போர்ன் அணியை விடக் கெட்டிக்காரர்கள்!

செங்கல் கோலும் சைக்கிளும்

ரகீம் சாகிபின் வாழ்க்கையை இன்று நினைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அவரிடம் வெளிநாட்டுக் கருவி எதுவும் இல்லை. புல் விரித்த மைதானம் கூடப் பல நாள் இல்லை. அவரிடம் இருந்தவை மூன்றுதான்.

ஒன்று, சின்ன வயதிலேயே பையன்களைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கும் பொறுமை. இரண்டு, ஆட்டக்காரன் வீட்டில் அடுப்பு எரியும்படி ஓர் உத்தியோகம். அதைப் போலீஸ் இலாகா கொடுத்தது. மூன்று, திறமை உள்ள ஏழைப் பையனுக்குச் சைக்கிள் தேவை என்று கண்டுபிடிக்கும் மனம்.

இந்த மூன்றில் எது இன்றைக்கு நம்மால் ஆகாதது? ஓசூரில் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து தினமும் பஸ் பஸ்சாக வாலிபர்கள் வேலைக்கு வருகிறார்கள். அவர்களில் ஒரு பலராம் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? 1954-ல் பக்கத்து ஊர்த் தொழிற்சாலை ஒன்று டூரண்டு இறுதி வரை போய் வழி காட்டியிருக்கிறது. வழி தெரிந்த பிறகு நடப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலி மனையில் செங்கல் நட்டுப் பந்தாடும் பையன்களைக் கண்டால், ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நான்கு பாஷையில் கூப்பாடு கேட்கும். இடது காலால் உதைக்கத் தெரியாமல் ஒருவன் தடுமாறுவான். பந்தைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுக்காமல் ஒருவன் தானே உருட்டிக்கொண்டு போவான்.

அவர்களுக்கு வேண்டியது ஒரு வாத்தியார்தான்.